‘எரியுது’ என்று ஒரு புகார்

மிளகு ஸ்பிரே விற்கும் அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டால், எடுத்த எடுப்பில் மனிதர் யாரும் பேச மாட்டார்கள். புது ஆர்டர் என்றால் ஒன்றை அழுத்தச் சொல்லும். பார்சல் வரவில்லை என்றால் இரண்டை. புகார் என்றால் மூன்றை. ஒன்றையும் இரண்டையும் அழுத்துகிறவர்களுக்கு அந்தந்த மாதம் வேலையில் இருக்கும் யாராவது கிடைப்பார்கள். மூன்றை அழுத்தினால் ஆறு வருஷமாக ஒரே ஆள்தான். ஆபீசில் அவருக்கு மூணாம் நம்பர் அக்கா என்றே பெயர்.

அக்காவுக்கு நாற்பத்தேழு வயது. இங்கே வருவதற்கு முன்னால் பதிமூன்று வருஷம் ஒரு தையல் மெஷின் கம்பெனியில் இதே வேலை. ஆக மொத்தம் பத்தொன்பது வருஷமாக அடுத்தவர் கோபத்தைக் காதில் வாங்கி, ஆற வைத்து, வாய் வழியாகத் திருப்பிக் கொடுத்துப் பிழைத்தவர். கணவர் லிப்ட் மெக்கானிக். பாதி நாள் இரண்டு மாடிகளுக்கு நடுவில் தொங்கிக்கொண்டு வேலை பார்ப்பவர். வீட்டிலும் அவர் பேச்சு அப்படித்தான், ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது. ஒரே மகள், காலேஜில் இரண்டாம் வருஷம். கம்பெனி வருஷத்துக்கு ஒருமுறை ஊழியர்களுக்கு இனாமாகக் கொடுக்கும் ஸ்பிரேயை அக்கா மகளிடம் நீட்டுவார். “உன்னைவிடவா இது காரம்?” என்று அவள் திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

ஆபீஸ் ஒரு மெத்தைக் கடைக்கு மேலே, முதல் மாடியில் இருந்தது. நான்கு மேஜை, ஒரு பீரோ, தெருப்பக்கம் ஒரு சின்ன பால்கனி. அக்காவின் ஹெட்போனில் இடது காதுப் பஞ்சு பிய்ந்துபோய், அதன்மேல் மகளின் பழைய சாக்ஸை வெட்டித் தைத்திருந்தார். சுவரில் அவர் கண்ணுக்கு நேராக, அழைப்பு முடியும்போது சொல்ல வேண்டிய வாக்கியத்தை ஒட்டி வைத்திருந்தார்கள்: ‘உங்கள் பாதுகாப்பே எங்கள் மகிழ்ச்சி.’ யார் என்ன திட்டினாலும் கடைசியில் அதைச் சொல்லித்தான் வைக்க வேண்டும்.

புகார்கள் பல ரகம். “மூணு வருஷம் பையிலயே தூக்கிட்டு அலைஞ்சேன். ஒருத்தன்கூட வரல. இப்ப தேதி முடிஞ்சுபோச்சு, இதுக்கு என்ன பதில் சொல்றீங்க?” என்று ஒரு டீச்சர் மாதாமாதம் கேட்பார். “மிளகுன்னு போட்டிருக்கீங்க, மிளகாய் வாசனை வருதே, யாரை ஏமாத்தறீங்க?” என்று ஒருவர் சண்டைக்கு வந்தார். பேர்தான் மிளகு, உள்ளே இருப்பது மிளகாய்ச் சாறுதான் என்று அக்கா அரை மணி நேரம் விளக்கினார். சென்ட் என்று நினைத்துக் கழுத்தில் அடித்துக்கொண்டவர்களும் உண்டு. எதற்கும் அக்காவின் குரல் ஒரு நூல்கூட மேலே போனதில்லை, கீழே இறங்கியதும் இல்லை. போனில் அவர் சிரித்து யாரும் கேட்டதும் இல்லை.

இந்த நிலையில்தான் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று ஐந்துக்கு அந்த அழைப்பு வந்தது.

“ஏங்க, இங்க ஒரு ஆளு கண்ணைப் பொத்திக்கிட்டு குதிக்கிறாருங்க. பக்கத்துல உங்க பாட்டில் கெடக்குது. அதுல நம்பர் போட்டிருந்துச்சு, அதான் அடிச்சேன்” என்றது ஒரு குரல்.

அக்கா வழக்கம்போலக் கேட்டார். “நீங்க ஸ்பிரேயை வாங்கியவரா, பயன்படுத்தியவரா சார்?”

“நான் பஞ்சர் ஒட்டறவனுங்க.”

கம்ப்யூட்டரில் அப்படி ஒரு கட்டம் இல்லை. “போனை அவர்கிட்ட குடுங்க” என்றார் அக்கா. அடுத்து வந்த குரலில் இருமலும் தும்மலும்தான் அதிகம். “எரியுதுங்க… எரியுது” என்பது மட்டும் புரிந்தது.

திரையில் புகாரின் வகையைக் குறிக்காமல் அடுத்த பக்கம் திறக்காது. பாட்டில் அழுந்தவில்லை, கசிகிறது, தேதி முடிந்தது, போதிய எரிச்சல் இல்லை, மற்றவை. அக்கா ‘மற்றவை’யை அழுத்தி, ‘எரிகிறது’ என்று தட்டினார். பாட்டிலின் எண்ணைக் கேட்டது. பஞ்சர்காரர் எட்டு எழுத்தையும் உரக்கப் படித்துச் சொன்னார். அதற்குப் பிறகே முதலுதவிப் பக்கம் திறந்தது.

“சார், கண்ணைக் கசக்காதீங்க. கண்ணாடி போட்டிருந்தா கழட்டுங்க. காத்து வர்ற பக்கமா திரும்பி நில்லுங்க. கண்ணை மூடி மூடித் திறங்க. தண்ணி இருக்கா?”

“இருக்குங்க, தொட்டி நெறைய” என்றார் பஞ்சர்காரர் பக்கத்திலிருந்து.

“ஐயோ, டியூப் முக்கற தண்ணி வேணாம். குழாய்த் தண்ணி. ஊத்திக்கிட்டே இருங்க. எண்ணெய், கிரீம் எதுவும் தடவிடாதீங்க.”

இருபது நிமிஷம் தண்ணீர் ஊற்றும் சத்தத்தை அக்கா காதில் வாங்கிக்கொண்டிருந்தார். இடையிடையே அந்த ஆள் தன் கதையைச் சொன்னார். அவர் சர்வே எடுப்பவர். ஒரு நிறுவனத்துக்காகத் தெருத்தெருவாகப் போய் மக்களிடம் கேள்வி கேட்டு எழுதுகிற வேலை. ஒரு அம்மா வேகமாக நடந்துபோனார். இவரும் அட்டையும் பேனாவுமாகப் பின்னாலேயே நடந்தார்.

“என்ன சர்வே சார்?”

“தெருவுல மக்கள் பாதுகாப்பா உணர்றாங்களான்னு. முதல் மூணு கேள்விக்கு அந்தம்மா பதிலே சொல்லல. வேகத்தைக் கூட்டினாங்க, நானும் கூட்டினேன். நாலாவது கேள்வி, ‘தற்காப்புக்கு ஏதாவது கையில் வைத்திருக்கிறீர்களா?’ அதுக்கு மட்டும் பதில் குடுத்துட்டாங்க.”

அக்காவின் உதடு துடித்தது. ஆனால் அடக்கிக்கொண்டார். அழைப்பை முடிக்குமுன் கட்டாயமாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று பாக்கி இருந்தது. “எங்கள் பொருளின் செயல்பாட்டுக்கு ஒன்று முதல் ஐந்து வரை எத்தனை தருவீங்க சார்?”

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம். அந்த ஆள் தானும் கேள்வி கேட்டுப் பிழைக்கிறவர் அல்லவா, ஒழுங்காகப் பதில் சொன்னார். “அஞ்சுங்க.”

“உங்கள் பாதுகாப்பே எங்கள் மகிழ்ச்சி” என்று சொல்லி அக்கா வைத்தார்.

ஆபீஸ் மேலாளருக்குச் ‘சட்டப்படி’ என்று பெயர். எதற்கும் ‘சட்டப்படி பார்த்தால்’ என்றுதான் ஆரம்பிப்பார்; மரியாதை வேண்டுமே என்று பையன்கள் அவரைச் சட்டப்படியார் என்பார்கள். அவர் புகாரைப் படித்துவிட்டு எகிறினார்.

“இது எப்படிம்மா புகாராகும்? எரியறதுக்குத்தானே விக்கறோம்? எரிஞ்சிருக்குன்னா இது பாராட்டு!”

“பாராட்டுக்குக் கட்டமே இல்லையே சார்.”

சட்டப்படியார் திரையைக் குனிந்து பார்த்தார். உண்மைதான், இல்லை. புகாருக்கு எண் விழுந்தாகிவிட்டது. எண் விழுந்த புகாரை அழிக்க முடியாது, தீர்க்கத்தான் முடியும். “சட்டப்படி பார்த்தா, மூணு நாளுக்குள்ள அதே பெட்டியில வந்த இன்னொரு பாட்டிலை அடிச்சுப் பாத்து, புகார் உண்மையான்னு சரிபாக்கணும். யாரு புகாரை வாங்கினாங்களோ அவங்கதான் அடிக்கணும்.”

ஆறு வருஷமாக ஸ்பிரேயைப் பற்றிப் பேசிய அக்கா, ஒருநாளும் அதை அழுத்திப் பார்த்ததில்லை. வியாழக்கிழமை மதியம், விதிமுறைப் புத்தகத்தில் இருந்தபடி ‘திறந்த வெளி’க்காகப் பால்கனியைத் தேர்ந்தெடுத்தார்கள். சுவரில் ஒரு வெள்ளைத்தாளை ஒட்டினார்கள். சட்டப்படியார் புத்தகத்தோடு வாசலில் நின்றார். அக்கா கையை நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு அழுத்தினார்.

காற்றைப் பற்றிப் புத்தகத்தில் அடுத்த பக்கத்தில்தான் போட்டிருந்தது. சட்டப்படியார் அந்தப் பக்கத்தை இன்னும் புரட்டவில்லை.

தாளில் நாலு சொட்டு பட்டது. மிச்சமெல்லாம் ஆபீசுக்குள் வந்தது. வந்த வழியில் கொஞ்சம் படிக்கட்டில் இறங்கி மெத்தைக் கடைக்கும் போனது. முதலில் ஒன்றாம் நம்பர் பையன் இருமினான். பிறகு இரண்டாம் நம்பர். சட்டப்படியார் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டு, “சட்டப்… சட்டப்…” என்றார், ‘படி’ வரவில்லை. கீழே ஒரு தம்பதி மெத்தையில் படுத்து அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருவரும் எழுந்து உட்கார்ந்து, காரணம் தெரியாமல் கண்ணீர் விட்டார்கள். மெத்தைக் கடைக்காரரும் அழுதுகொண்டே அவர்களுக்கு வேறொரு மெத்தையைக் காட்டினார். ‘இவ்வளவு உருகிப்போய் விற்கிறாரே’ என்று அந்த அம்மாள் மனம் இரங்கி அதையே எடுத்துக்கொண்டதாகப் பிறகு கேள்வி.

மேலே போன் அடித்தது. மூன்றாவது மணி அடிப்பதற்குள் எடுத்தாக வேண்டும். அக்கா முகத்தைக் கழுவிவிட்டு ஓடிவந்து, கண்ணும் மூக்கும் ஒழுக எடுத்தார். தேதி முடிந்துபோன டீச்சர்.

“சொல்லுங்க மேடம்” என்றார் அக்கா விம்மிக்கொண்டே.

டீச்சர் வழக்கமான புகாரை ஆரம்பித்தார். இரண்டாவது வாக்கியத்தில் நிறுத்தினார். “என்னம்மா, அழறியா?”

“இல்ல மேடம். சொல்லுங்க. மூணு வருஷமா யாருமே வரல…” என்று எடுத்துக் கொடுக்கும்போது அக்காவுக்கு மறுபடி ஒரு விம்மல்.

“ஐயோ, எனக்காகவா அழற? இத்தன நாள்ல எங்கஷ்டத்தைக் கேட்டு ஒருத்தரும் அழுததில்லம்மா” என்ற டீச்சர் அன்றைக்கு ஐந்துக்கு ஐந்து போட்டார். அன்று மாலைவரை பேசிய பதினேழு பேரும் ஐந்து போட்டார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து ‘இன்று என்ன பயிற்சி கொடுத்தீர்கள்?’ என்று கேட்டுக் கடிதம் வந்தது. புகார் உண்மையானது என்று சட்டப்படியார் சிவந்த கண்ணோடு கையெழுத்துப் போட்டார்.

அன்று சாயங்காலம் வீட்டில் கணவர் அக்காவின் முகத்தைப் பார்த்து, “என்ன?” என்றார்.

“ஸ்பிரேயை நானே அடிச்சுக்கிட்டேன்.”

அவர் கிட்ட வந்து அக்காவின் கண்ணைப் பார்த்தார். “சரியாத்தான் வேலை செய்யுது” என்றார். அந்த வாரம் அவர் பேசியதிலேயே நீளமான வாக்கியம் அது.

மறுநாள் புதுச் சிக்கல் வந்தது. மூன்றை அழுத்தி ஒரு அம்மா பேசினார். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர், ஐம்பத்தைந்து வயது, மருமகள் வற்புறுத்தி வாங்கிக் கொடுத்த ஸ்பிரே. “பிரமாதம்மா உங்க பாட்டிலு! ஒரே அடி. ஆளு சுருண்டுட்டான். கையில கத்தி வச்சிருந்தான், தெரியுமா? என்ன, பதட்டத்துல பாட்டிலைக் கீழ போட்டுட்டு வந்துட்டேன். இன்னொண்ணு அனுப்புங்க.”

அவர் பத்திரமாக எழுதி வைத்திருந்த எட்டு எழுத்தைச் சொன்னதும் அக்காவின் திரை சிவந்தது. ‘இந்த எண்ணில் ஏற்கெனவே ஒரு புகார் நிலுவையில் உள்ளது.’

“மேடம், உங்க பாட்டில்மேல வேறொருத்தர் புகார் குடுத்திருக்காரு.”

“என் பாட்டில்மேல யாரு புகார் குடுக்க முடியும்?”

ஒரு வாடிக்கையாளரைப் பற்றி இன்னொருவரிடம் சொல்லக் கூடாது என்பது விதி. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு, “விசாரிச்சுச் சொல்றேன் மேடம்” என்றார்.

விசாரித்தபோது சட்டப்படியார் தலையைப் பிடித்துக்கொண்டார். கம்ப்யூட்டர் கணக்குப்படி அந்தப் பாட்டில் இப்போது சர்வேக்காரருடையது. புகார் உண்மையென்று நிரூபணமாகிவிட்டதால் புது பாட்டிலும் அவருக்குத்தான் போக வேண்டும். ஒரே எண்ணில் இரண்டு புகார் என்றால், இருவரையும் ஒரே அழைப்பில் வைத்து, மூன்றாவதாக ஒருவர் நடுவில் இருந்து பேசித் தீர்க்க வேண்டும்.

அதற்கு நாள் குறிக்க அக்கா அந்த அம்மாவை மூன்று தடவை கூப்பிட வேண்டியிருந்தது. திங்கட்கிழமை அவர் சொன்னபடி கத்தியோடு ஒருவன். செவ்வாய்க்கிழமை இரண்டு பேர், ஒருவன் கையில் கட்டை. புதன்கிழமைக்குள் மூன்று பேராகிவிட்டார்கள். கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிக் கதை நன்றாகத் தேறியிருந்தது.

வியாழக்கிழமை மூவரும் இணைப்பில் வந்தார்கள். அக்கா இருவருக்கும் வணக்கம் சொல்லி, “முதல்ல மேடம், நடந்ததைச் சொல்லுங்க” என்றார். அந்த அம்மா சொன்னார். மூன்று பேர் மூன்று பக்கமிருந்து வந்தது, கத்தி வெயிலில் மின்னியது, தான் நின்ற இடத்திலேயே சுழன்று அடித்தது எல்லாம் வந்தது. சர்வேக்காரர் குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்ததும் பணிவாக ஒரு கேள்வி கேட்டார்.

“அந்த மூணு பேருல நான் எத்தனாவது ஆளுங்க மேடம்?”

“நீங்க… யாரு?” என்றார் அந்த அம்மா.

“கையில அட்டையும் பேனாவும் வச்சிருந்தவனுங்க. பேனாதான் மின்னியிருக்கும். ஸ்டீல் மூடி.”

அந்த அம்மா “அடக் கடவுளே” என்றார். பிறகு, “பின்னாலயே வந்து ‘பாதுகாப்பா இருக்கீங்களா, பாதுகாப்பா இருக்கீங்களா’ன்னு கேட்டா யாருக்குத்தான் பயம் வராது?” என்று பாய்ந்தார். “அந்தக் கேள்விய கேக்கறதுக்கு முன்னாடிவரைக்கும் நான் பாதுகாப்பாத்தான் இருந்தேன்!”

“நியாயந்தாங்க” என்றார் சர்வேக்காரர். “என்மேல தப்பு. பின்னால வந்து கேட்டிருக்கக் கூடாது, முன்னால வந்திருக்கணும். எனக்குப் புது பாட்டில் வேணாங்க, அந்தம்மாவுக்கே குடுத்துடுங்க. ஒரே ஒரு உதவி. பாதியில நின்ன படிவத்தை எங்க ஆபீஸ்ல ஏத்துக்க மாட்டேங்கறாங்க. இன்னும் சில கேள்விதான் பாக்கி.”

அந்த அம்மாவுக்கு மனம் இளகிவிட்டது. “கேளுங்க.”

காகிதம் புரளும் சத்தம் கேட்டது. “அஞ்சாவது. கடந்த ஓராண்டில் தெருவில் உங்களுக்கு அச்சுறுத்தல் ஏதாவது ஏற்பட்டதா?”

“ஆமா. ஒரு தடவ.”

“எப்போது?”

“போன வாரம் செவ்வாய்க்கிழமை. பதினோரு மணிக்கு.”

“அச்சுறுத்தியவர் ஆணா, பெண்ணா?”

“நீங்கதானே?”

“ஆண்னு போட்டுக்கறேன். அவருக்குச் சுமார் என்ன வயது இருக்கும்?”

“எனக்கென்ன தெரியும்? உங்க வயசு என்ன?”

“முப்பத்தொம்பதுங்க. ஆனா நீங்களாத்தான் சொல்லணும், நான் எடுத்துக் குடுக்கக் கூடாது.”

“சரி, முப்பத்தொம்பது.”

“அவரை மறுபடி பார்த்தால் அடையாளம் காட்ட முடியுமா?”

“எப்படி முடியும்? கண்ணை மூடிக்கிட்டுத்தானே அடிச்சேன்!”

அங்கேதான் அக்காவுக்குப் பிடி விட்டுப்போனது. பால்கனியில் தானும் கண்ணை மூடிக்கொண்டு அடித்தது ஞாபகம் வந்ததோ என்னவோ, வயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. வாயைப் பொத்தினார், மூக்கு வழியாக வந்தது. ஹெட்போனைக் கழற்றப் போனார். சாக்ஸ் நூல் கம்மலில் மாட்டிக்கொண்டது. பத்தொன்பது வருஷத்துச் சிரிப்பும் சேர்ந்து வந்த மாதிரி இருந்தது. ஒன்றாம் நம்பரும் இரண்டாம் நம்பரும் தங்கள் அழைப்புகளை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா அழுகிறாரா சிரிக்கிறாரா என்று சட்டப்படியாருக்கு உடனே பிடிபடவில்லை; பால்கனிக் கதவை ஓடிப்போய்ச் சாத்தினார். போனில் முதலில் அந்த அம்மா சிரிக்க ஆரம்பித்தார். அப்புறம் சர்வேக்காரரும். “போதுங்க, போதுங்க, கண்ணுல மறுபடி தண்ணி வருது” என்று அவர் கெஞ்சினார்.

புகார் தீர்ந்தது. விதியை மாற்ற முடியாததால் புது பாட்டில் சர்வேக்காரர் வீட்டுக்கே போனது. அவர் அதை மூக்குக்கண்ணாடிக் கடைக்கு எடுத்துப்போய்க் கொடுத்தார். ஒரு கையில் பாட்டிலும் மறு கை வெறுங்கையுமாக இரண்டையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டுதான் உள்ளே நுழைந்ததாகச் சொன்னார். அந்த அம்மா அவருடைய கண்ணாடியை வாங்கிக் கழுவித் துடைத்துக் கொடுத்துவிட்டு, மருமகளிடமும் அதே கேள்விகளைக் கேட்டுப் போகச் சொல்லி விலாசம் எழுதிக் கொடுத்தாராம்.

இரண்டு மாதத்தில் கம்பெனியின் போனில் புதிதாக ஒரு வரி சேர்ந்தது. ‘எங்கள் ஸ்பிரே உங்கள்மேல் அடிக்கப்பட்டிருந்தால், நான்கை அழுத்தவும்.’ யார் கூப்பிடப் போகிறார்கள் என்று சட்டப்படியார் அலட்சியமாகத்தான் இருந்தார். முதல் வாரமே மற்ற மூன்று எண்களுக்கும் வந்ததைவிட அதிகமாக வந்தது. தாடியை மழித்துவிட்டு வீட்டுக்குப் போன ஒரு கணவர், பிறந்தநாளுக்குத் திடீரென்று முன்னால் குதித்த தோழிகள், பார்சலைக் கொடுக்கப் போய் அதற்குள் இருந்த ஸ்பிரேயாலேயே அடி வாங்கிய கூரியர்காரர் என்று வரிசையாக வந்தார்கள். திருடன் என்று சொல்லத்தக்க ஒருவர் மட்டும் கூப்பிட்டார். அவரும் தன் தொழிலைச் சொல்லவில்லை, அக்காவும் கேட்கவில்லை. எல்லோருக்கும் ஒரே பதில்தான்: கசக்காதீங்க, குழாய்த் தண்ணி, காத்துப் பக்கம் திரும்புங்க. நான்காம் எண்ணையும் அக்காவே பார்த்துக்கொண்டார். ஆனாலும் பெயர் மூணாம் நம்பர் அக்காதான். அதை மாற்ற யாருக்கும் வாய் வரவில்லை.

அந்தச் சிரிப்புக்கு மட்டும் தலைமை அலுவலகம் விளக்கம் கேட்டது. பதிவைக் கேட்டிருக்கிறார்கள்: வாடிக்கையாளர் இருவர் இணைப்பில் இருக்கும்போது ஊழியர் நாற்பத்து மூன்று வினாடி சிரித்திருக்கிறார், காரணம் எழுதித் தரவும். அக்கா ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து யோசித்தார். மகள் ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தாள், பிடிக்கவில்லை. கணவரிடம் கேட்டார். “வந்துச்சு, சிரிச்சே” என்றார் அவர். அதையே கொஞ்சம் திருத்தி, ‘சிரிப்பு வந்தது, சிரித்தேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

விளக்கம் ஏற்கப்பட்டது என்று பதில் வந்தது. கூடவே ஒரு விதியும் வந்தது: இனி சிரிப்பு வந்தால், வாடிக்கையாளரைக் காத்திருப்பில் போட்டுவிட்டுச் சிரிக்கவும்.

அக்கா அதை ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறார். காத்திருப்பில் போட்டால் அவர் மேஜையில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு எரியும், மறுமுனையில் சங்கீதம் ஓடும். முதல் மாதம் விளக்கு இரண்டு தடவை எரிந்தது. இப்போதெல்லாம் ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை எரிகிறது. சட்டப்படியார் அதைத் தனி நோட்டில் குறித்துக்கொள்கிறார்.